அரண்மனை ஓய்ந்த ஊரில் ஒரு வைத்தியர்

1855இல் தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி காலமானார். ஆண் வாரிசு இல்லை என்று காரணம் காட்டி, கும்பினி அரசாங்கம் சமஸ்தானத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை நின்றது. ராணிகள் இருந்தார்கள். சரசுவதி மகாலில் சுவடிகள் அடுக்கி வைத்தபடியே இருந்தன. பாட்டுக்காரருக்கும் வீணைக்காரருக்கும் ஆட்டத்துக்கும் நட்டுவாங்கத்துக்கும் படியளந்த கை மட்டும் இல்லாமல் போனது. சரபோஜி காலத்திலும் சிவாஜி காலத்திலும் சபையை நிறைத்த வித்துவான் குடும்பங்கள் மைசூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் இராமநாதபுரத்துக்கும் பிரிந்து போயின. பிறகு இரயில் வந்தது, பட்டணம் இழுத்தது. சங்கீதத்துக்குத் தாய்வீடு என்று பெயர் பெற்ற ஊர், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஊரிலிருந்து 1912 மே மாதம் தென்னாட்டு வித்துவான்களுக்கு ஓர் அழைப்பு போனது. தஞ்சாவூருக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம், பாடிக் காட்டுங்கள், வாசித்துக் காட்டுங்கள், நம் இசைக்கு இலக்கணம் என்ன என்று தீர விசாரிப்போம் என்பது அழைப்பின் சாரம். தங்க இடம், சாப்பாடு, மாநாட்டுச் செலவு எல்லாம் அழைத்தவர் பொறுப்பு. அழைத்தவர் ராஜா அல்ல, ஜமீன்தார் அல்ல, மடாதிபதியும் அல்ல. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராகத் தஞ்சைக்கு வந்து, மருந்து செய்து விற்றுப் பொருள் சேர்த்த ஒரு நாட்டு வைத்தியர். தேவாரத்தையும் சிலப்பதிகாரத்தையும் நெஞ்சில் வைத்திருந்த ஒரு கிறிஸ்தவர். ராவ்சாகிப் ஆபிரகாம் பண்டிதர் என்பது அவர் பெயர்.

தமிழிசை என்று பேச்சு எழுந்தால் இன்று அவர் பெயர் வராமல் இருக்காது. பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது என்பதுதான் எனக்குள்ள ஆதங்கம். "கருணாமிர்த சாகரம் எழுதியவர்" என்ற ஒரு வரியில் அவரை அடக்கிவிடுகிறோம். நூலாசிரியர் என்ற பெருமை அவருக்கு உண்டுதான். அதற்கு முன்னால் அவர் ஒரு புரவலர். ஓய்ந்துபோன ஒரு அரச சபையின் வேலையைத் தனிமனிதனாகத் தோளில் ஏற்றுக்கொண்டவர். இந்த வாரம் அந்தப் புரவலரைப் பார்ப்போம்.

சுருளிமலையில் கிடைத்த குரு

1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி சாம்பவர்வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் ஆபிரகாம். படிப்பில் கெட்டி. பதினேழு, பதினெட்டு வயதில் திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார், தேர்ந்தார், அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். திண்டுக்கல் அவருக்குக் கொடுத்தது வேலை மட்டுமல்ல. சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றுக்கொண்டது அங்கேதான். புகைப்படக் கலையைப் பழகியதும் அந்தக் காலத்தில்தான். எதைக் கண்டாலும் அதைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்கிற கை அவருடையது. இந்தக் குணம் கடைசிவரை போகவில்லை. இசையில் அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மருத்துவத்திலும் அவருக்கு நாட்டம் இருந்தது. மூலிகை தேடிக் கம்பம் பக்கத்துச் சுருளிமலைக்குப் போனவருக்கு அங்கே கருணானந்தர் என்ற முனிவரின் அருள் கிடைத்தது. அவரைக் குருவாகக் கொண்டார். மருந்து முறைகளை அவரிடம் பெற்றார். அந்தக் குருவை அவர் எந்த அளவுக்கு மனத்தில் வைத்திருந்தார் என்பதற்குத் தனியாகச் சான்று தேட வேண்டாம். பின்னாளில் தஞ்சையில் அவர் வைத்த மருத்துவசாலையின் பெயர் கருணாநிதி வைத்தியசாலை. ஊருக்கு வெளியே உண்டாக்கிய பண்ணையின் பெயர் கருணானந்தபுரம். தாம் இயற்றிய பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட நூல் கருணாமிர்த சாகரத் திரட்டு. ஆயுள் முழுவதும் உழைத்து எழுதிய பெரிய நூல் கருணாமிர்த சாகரம். சொந்தப் பெயரை எதற்கும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கிறிஸ்தவர் ஒரு மலைச் சித்தருக்கு இப்படி நன்றி சொல்லியிருக்கிறார். அந்நாளில் யாரும் அதை விசித்திரமாகப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்து இருவரும் தஞ்சாவூர் வந்தார்கள். அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் மனைவி தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் வைத்தியம். நோயாளிகள் பெருகப் பெருக, பள்ளியா வைத்தியமா என்று முடிவு செய்ய வேண்டிய நாள் வந்தது. 1890இல் பள்ளி வேலையை விட்டார்.

அதன்பின் வளர்ச்சிக்குக் குறைவில்லை. அவருடைய மாத்திரைகளும் சூரணங்களும் தமிழ்நாட்டைத் தாண்டி இலங்கைக்கும் பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் தபாலில் போயின. தமிழர்கள் கூலிக்கும் வியாபாரத்துக்கும் எங்கெல்லாம் போனார்களோ அங்கெல்லாம் தஞ்சாவூர்ப் பண்டிதர் மருந்தும் பின்தொடர்ந்தது. மருந்துக்கு மூலிகை வேண்டும். மூலிகைக்கு நிலம் வேண்டும். தஞ்சைக்குத் தெற்கே, யாரும் சீந்தாத மேட்டு நிலத்தை ஏறக்குறைய 100 ஏக்கர் அளவுக்கு வாங்கிப் பண்ணையாக்கினார். காவிரிப் பாசனத்துக்கு எட்டாத வறட்டுப் பூமி அது. அதில் மூலிகைகளையும் புதுவகைப் பயிர்களையும் விளைவித்துக் காட்டினார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். 1908இல் சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் லாலி நேரில் வந்து அந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். மறு ஆண்டு ராவ்சாகிப் பட்டம் வந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதன் நின்றுவிடலாம். பணம் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, ஊரில் மதிப்பு இருக்கிறது. பண்டிதருக்கு அப்போது ஐம்பது வயது. அவர் நிற்கவில்லை. சேர்த்ததைச் செலவழிக்கத் தொடங்கினார்.

படியளந்த புதிய கை

இசைப் புரவலர் என்றால் நம் நாட்டில் ஒரு வடிவம் உண்டு. வித்துவானை அழைப்பார், பாடச் சொல்வார், தலையாட்டுவார், சால்வை போர்த்துவார், கையில் கங்கணம் பூட்டுவார். வித்துவான் அவர்மேல் ஒரு பதமோ கீர்த்தனமோ பாடிவிட்டுப் போவார். இதிலும் தவறில்லை. இந்தக் கொடை இருந்ததால்தான் நமக்குத் தஞ்சை நால்வரின் உருப்படிகள் மிஞ்சின. பண்டிதரின் கொடை வேறு வகை. அவர் வித்துவான்களைக் கூப்பிட்டது கச்சேரி கேட்க மட்டும் அல்ல, கேள்வி கேட்க.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே தஞ்சையின் கரந்தையில் தமிழ்ச் சங்கம் பிறந்திருந்தது. பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஏட்டுச் சுவடிகள் அச்சேறி, சங்கப் பாடல்களும் சிலம்பும் மேகலையும் மீண்டும் படிக்கப்பட்ட காலம். இயலுக்குச் சங்கம் வந்துவிட்டது, இசைக்கு வேண்டாமா என்பது பண்டிதரின் கேள்வி. கேட்டுவிட்டுப் பிறர் பதிலுக்குக் காத்திருக்காமல் தாமே பணம் போட்டார்.

அடுத்தடுத்து மாநாடுகள் நடந்தன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற பெரிய வித்துவான்கள் வந்தார்கள். கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. ஒரு இராகத்தின் ஆரோகண அவரோகணம் என்ன, எந்தச் சுரம் எந்த இடத்தில் நிற்கிறது, பழைய நூல்கள் சொல்வதும் இன்றைய வழக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று விவாதம் நடந்தது. வாயால் சொன்னதை வீணையில் காட்ட வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

இன்று டிசம்பர் சீசனில் காலை வேளைகளில் வித்துவான்கள் கூடி இலக்கணம் பேசுகிறார்கள். செயல் விளக்கம் செய்கிறார்கள். இதெல்லாம் 1927இல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்தும், மறு ஆண்டு பிறந்த மியூசிக் அகாடமியிலிருந்தும் தொடங்கியது என்றே பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, சபா இல்லாமல், டிக்கெட் இல்லாமல், சந்தா வசூல் இல்லாமல், ஒரு வைத்தியர் தம் மருந்துக் காசில் இதைச் செய்து முடித்திருக்கிறார். வரிசையில் முதலில் நிற்க வேண்டிய பெயர் அவருடையது. இதை அழுத்திச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இசைக்காகச் சொத்தை இழந்தவர்கள் அந்தத் தலைமுறையில் வேறு சிலரும் உண்டு. சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்த ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனங்களை மேல்நாட்டுச் சுரக்குறியில் எழுதி 1890களில் தம் செலவிலேயே அச்சிட்டார். கையிருப்பெல்லாம் அதில் கரைந்தது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் வெளிவரக் காரணமாக இருந்தது எட்டயபுரம் சமஸ்தானம். அப்படி ஒரு சமஸ்தானம் பின்னால் இல்லாமல், தானே ஆய்வாளனாகவும் தானே புரவலனாகவும் நின்று தாக்குப்பிடித்தவர் பண்டிதர்.

இருபத்திரண்டா, இருபத்துநான்கா?

அவரை இத்தனை செலவுக்கு இழுத்த கேள்வி எது? அதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், கணக்கு எளிதுதான்.

கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை உள்ள இடைவெளி ஒரு ஸ்தாயி. அதில் பன்னிரண்டு சுரத்தானங்கள். வீணையில் மெட்டுகளாகவும் ஆர்மோனியத்தில் கட்டைகளாகவும் நாம் பார்ப்பவை இவையே. இந்தப் பன்னிரண்டுக்குள்ளும் நுட்பமான இடங்கள் உண்டு. அவற்றை வடமொழி நூல்கள் சுருதி என்றன, தமிழ் நூல்கள் அலகு என்றன. ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்பது பரதரின் நாட்டிய சாத்திரத்திலிருந்து வரும் கணக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சார்ங்கதேவரும் அதையே சொன்னார். சங்கீதம் படித்தவர் எல்லாரும் 22 என்று ஒப்பித்தார்கள். எங்கே அந்த 22, வீணையில் காட்டுங்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள்.

பண்டிதர் சிலப்பதிகாரத்துக்குப் போனார். உ.வே. சாமிநாதையர் 1892இல் அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் சிலம்பைப் பதிப்பித்திருந்தார். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரப் பெயர் இட்டு வட்டமாக நிறுத்துகிறாள் மாதரி. உரைகளிலோ பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலை வருகிறது. புலவர்கள் அதைக் கதைக்கு அலங்காரம் என்று தாண்டிப் போயிருக்கக்கூடும். பிடில் பிடித்த கைக்கு அது கணக்குப் புத்தகமாகத் தெரிந்தது.

பழைய நூல்கள் சொல்லும் அலகு இது: குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22. இதில் கைக்கிளையும் விளரியும் மட்டும் ஏன் மூன்று என்று நிற்கின்றன? வட்டம் நிறைவாக இருக்கும்போது அவற்றுக்கும் நான்கு நான்குதான். ஆகவே முழு வட்டத்துக்கு 24. பண்ணாகப் பாடும்போது அந்த இரண்டு சுரத்திலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடினார்கள், அதனால் பாட்டில் ஒலிப்பது 22 என்றார் பண்டிதர். பன்னிரண்டு தானத்தை இரட்டித்தால் 24. அதை மீண்டும் இரட்டித்தால் 48. அதையும் இரட்டித்தால் 96. பன்னிரண்டு ஆயப்பாலை, இருபத்துநான்கு வட்டப்பாலை, நாற்பத்தெட்டு திரிகோணப்பாலை, தொண்ணூற்றாறு சதுரப்பாலை என்று அவர் வகுத்துக் காட்டினார்.

இதோடு இன்னொரு கணக்கையும் எடுத்தார். தந்தியின் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம் ஒலிக்கும். அந்தப் பஞ்சமத்தையே ஸட்ஜமாக வைத்து அதற்கொரு பஞ்சமம், அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை போனால், ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடி ஸட்ஜத்தில் வந்து சேர வேண்டும். மூன்றில் இரண்டு என்ற பின்னத்தை அப்படியே வைத்துக்கொண்டு போனால் சேராது, சிறிது தள்ளிப் போய் நிற்கும். வளையலின் இரு முனையும் பொருந்தாமல் விலகி நிற்பது போல. வட்டம் வட்டமாக இருக்க வேண்டுமானால் எல்லாத் தானங்களுக்கும் இடைவெளி ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தந்தியின் நீளத்தையும் அசைவு எண்ணையும் பல தசமத்தானம் வரை கணக்கிட்டு அட்டவணை அட்டவணையாகப் போட்டார்.

அவர் சொன்னது முழுவதும் சரியா? பின்வந்த அறிஞர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூல் இருபத்திரண்டு அலகின் வழியிலேயே போனது. நம் பாட்டில் சுரம் ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல நிற்பதில்லை, கமகத்தில் அசைந்தே வாழ்கிறது. சம இடைவெளிக் கணக்கு அதற்குப் பொருந்தாது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நூலின் முன்பகுதியில் கடல்கொண்ட குமரிக்கண்டம் பற்றி அவர் எழுதியதை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. இவை எதுவும் அவர் உயரத்தைக் குறைக்காது. சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதி வெறும் வருணனை அல்ல, செயல்படும் இலக்கணம் என்று நிறுவும் பெரும் முயற்சியில் இறங்கி, அதை வீணையோடு வைத்துச் சரிபார்த்தவர் அவர். பின்னால் வந்தவர்கள் அவரோடு உடன்பட்டோ முரண்பட்டோதான் பேச வேண்டியிருந்தது.

பரோடாவில் இரண்டு மகள்கள்

1916 மார்ச் 20 முதல் 24 வரை பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவு தந்தார். முன்னின்று நடத்தியவர் பண்டித பாத்கண்டே. இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் உஸ்தாதுகளும் பண்டிதர்களும் வந்திருந்தார்கள். சுருதிக் கேள்வி அங்கேயும் சூடாக இருந்தது. இருபத்திரண்டு சுருதிக்குப் பின்னக் கணக்கு வகுத்த கே.பி. தேவலும், அதையே பேசிய ஆங்கில நீதிபதி கிளெமெண்ட்ஸும் அதற்கென்று தனி ஆர்மோனியமே செய்வித்திருந்தார்கள். எதிர்க்கணக்கோடு தஞ்சாவூரிலிருந்து பண்டிதர் போனார்.

போனவர் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகவில்லை. மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் அழைத்துப் போனார். அப்பா கணக்கைச் சொல்லச் சொல்ல, அந்த நுட்பச் சுரங்களை மகள்கள் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டினார்கள். இந்தக் காட்சியை அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடும்பப் பெண்கள் சபையேறிப் பாடுவதே பேச்சுக்கு இடமாகும் ஆண்டுகள் அவை. பாடும் பெண்கள் இருந்தார்கள். சாத்திர விவாதத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அறிவாளிகளும் அரசரும் கூடிய அவையில், ஒரு கோட்பாட்டை நிறுவ வேண்டிய பொறுப்பைத் தம் மகள்களின் தொண்டையிலும் விரலிலும் வைத்தார் பண்டிதர். மற்ற மாகாணத்துக்காரர்கள் முன்னால் அவருக்கு நம்பிக்கை அந்த மகள்கள்மேல் இருந்தது. அவர்கள் அந்த அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள் என்றால், வீட்டில் எத்தனை ஆண்டுப் பயிற்சி நடந்திருக்க வேண்டும்! புரவலர் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருளில் இதுவும் சேரும்.

பரோடா மாநாடு சுருதிக் கேள்விக்கு முடிவு கட்டவில்லை. தெற்கே ஒருவர் இப்படி உழைத்திருக்கிறார் என்பது மட்டும் வடக்கே தெரிந்தது.

அச்சகம் வைத்து அச்சிட்ட நூல்

மாநாடுகளின் விவாதங்களையும் தம் ஆராய்ச்சியையும் நூலாக்க வேண்டும். அட்டவணையும் கணக்கும் சுரக்குறியும் நிறைந்த நூலை வெளியே கொடுத்து அச்சிடுவது பெரும்பாடு. பண்டிதர் தஞ்சையிலேயே மின்விசையில் ஓடும் அச்சகம் ஒன்றை நிறுவினார். தோட்டத்தைப் பார்க்க வந்த ஆளுநரின் நினைவாக அதற்கு லாலி அச்சுக்கூடம் என்று பெயர். ஊரில் மின்விளக்கே அரிதாக இருந்த காலத்தில் மின்சாரத்தில் அச்சு இயந்திரம் ஓடியது.

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. பெரிய அளவுத் தாளில் ஆயிரம் பக்கத்தை மிஞ்சும் தமிழ் நூல். சங்க காலத்து இசைக் குறிப்புகளிலிருந்து தொடங்கி, வடமொழி நூல்களின் சுருதிக் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுத்து, சிலம்பின் பாலைகளை விளக்கி, தென்னாட்டில் பாடிய வித்துவான்களின் நீண்ட பட்டியலையும் சேர்த்துத் தந்தது அது. அந்தப் பட்டியல் ஒன்றுக்காகவே வரலாறு எழுதுபவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அங்கே அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் எத்தனையோ நாகசுரக்காரர்களும் பிடில்காரர்களும் பெயர்கூட இல்லாமல் மறைந்திருப்பார்கள்.

பாடல் எழுதியதிலும் அவர் எண்ணம் தெளிவாக இருந்தது. அந்நாளில் சங்கீதம் கற்கும் பிள்ளைக்குக் கிடைத்த உருப்படிகளில் பெரும்பங்கு தெலுங்கு. பொருள் தெரியாமல் பாடுவதைவிட, கற்கும்போதே பொருள் புரிந்து பாட வேண்டும் என்று தமிழில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றிச் சுரதாளக் குறிப்போடு கருணாமிர்த சாகரத் திரட்டில் வெளியிட்டார். தமிழிசை இயக்கம் என்ற பெயரே பிறக்காத காலம் அது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற அந்த இயக்கம் எழுந்து, சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது 1943இல்.

நூல் வந்த இரண்டே ஆண்டில், 1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி பண்டிதர் காலமானார். வயது 60. தாம் உண்டாக்கிய கருணானந்தபுரம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். எழுதி முடித்து அச்சேறாமல் கிடந்த இராகங்கள் பற்றிய இரண்டாம் பகுதியை, பரோடாவில் பாடிய மகள் மரகதவல்லி துரைபாண்டியன் 1946இல் வெளியிட்டார். தந்தை போட்ட பாதையில் மகள் வைத்த அந்த ஓர் அடியைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும்.

அவர் விட்டுப்போன சங்கம் அவருக்குப்பின் அதே வேகத்தில் ஓடவில்லை. தனிமனிதர் பணத்தில் நடக்கும் காரியங்களுக்கு உள்ள இயல்பான குறை இது. இதை மறைக்க வேண்டியதில்லை. அறக்கட்டளையோ பல்கலைக்கழகமோ பின்னால் இருந்திருந்தால் தஞ்சை மாநாடுகள் தொடர்ந்திருக்கும். குடந்தை ப. சுந்தரேசனாரைப் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைப் பாடிக் காட்டிய காலத்தில் அவர்களுக்கு ஓர் அவையும் ஒரு படியும் தஞ்சையிலேயே கிடைத்திருக்கும். இசைக்குக் கொடுக்கும் மனம் உள்ள இன்றைய செல்வர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. கச்சேரிக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கும் சுவடிக்கும் அச்சுக்கும் ஒதுக்குங்கள்; உங்களுக்குப் பின்னும் அது நடக்கும்படி எழுதி வையுங்கள்.

தஞ்சை நகரில் ஆபிரகாம் பண்டிதர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் போய் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பூட்டன் வழியில் யாராவது நாதசுரமோ பிடிலோ வாசித்தவர், பண்டிதரின் மாநாட்டுக்குப் போனவர், வைத்தியசாலையில் வேலை பார்த்தவர் இருந்தால், பரணில் அந்தக் காலத்து அழைப்பிதழோ கடிதமோ குழுவாக எடுத்த புகைப்படமோ கிடக்கக்கூடும். பழைய தாள் என்று கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)